அம்மா சொல்லாத மணி

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஏழுக்கே மொட்டை மாடி சுடுகிறது. துணி காயப் போட்டுத் திரும்புவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

இன்றைய வேலை:
பாஸ்போர்ட் நகல் ஐந்து.
போட்டோ, காது தெரிய.
கண்ணாடி இன்னொன்று, உடைந்தால் மாற்ற.
கருவாடு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல.

மூன்று முடிந்தன.

விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே வந்தது, எழுதக் கை வரவில்லை. தென் ஆப்பிரிக்கா. மாணவர் விசா. எதிர் வீட்டு எஸ்தர் அக்காதான் வாசித்துக் காட்டினாள். அவள் வாசித்தால் தெருவே கேட்கும்.

“மணி தேன்மொழி. இன்னாடி இது, உங்கப்பா பேரு முன்னாடி கீது?”

எட்டு வருஷத்துக்கு முன்னால் மந்தைவெளி பிரௌசிங் சென்டரில் நடந்த வேலை. பாஸ்போர்ட் ஃபாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். இனிஷியல்தான். அந்த அண்ணன் கேட்டார், “எம் ஃபார்?” “மணி.” தட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கே என் கட்டத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தர் அக்கா சத்தமாக வாசித்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அப்பா பேரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷம், ஒரு தடவைகூட இல்லை. அதில் சிரமம், அப்பா பேர் வெறும் பேர் மட்டும் இல்லை. “டைம் இன்னா ஆச்சு?” என்றுதான் அம்மா கேட்பாள். கோயிலில் அடிப்பது பெல். பக்கத்து பிளாக் மணிமேகலை, அம்மாவுக்கு மேகலை. சின்ன வயசில் வேண்டுமென்றே கேட்போம், “கோயில்ல இன்னாமா அடிக்குது?” “உன் முதுகுல ஒண்ணு அடிக்கும், வா.”

இப்போது நான் போவதோ விமானம் ஓட்டும் படிப்பு, மணிக்கணக்குப் படிப்பு. எத்தனை மணி நேரம் பறந்தாய் என்பதுதான் அதில் எல்லாம். முதல் லைசென்ஸ் தேர்வுக்குப் போக நாற்பத்தைந்து மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். நான் மொத்தமாக வாங்கியிருப்பது ஐம்பது. ஐந்து வருஷச் சம்பளமும் அம்மாவின் சீட்டும் அதில் போயாயிற்று. ஐம்பத்தோராவது மணிக்கு என்னிடம் எதுவும் இல்லை. லைசென்ஸ் கையில் இருந்தால்தான் அடுத்த படிப்புக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். இல்லாவிட்டால் திரும்பி வந்து ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் பழையபடி பில் போட வேண்டியதுதான்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், இங்கே மட்டும். இதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

மே 9, வெள்ளி

ஆபீஸில் கடைசி நாள். மேஜை இழுப்பறை காலி: ஸ்டேப்ளர், புளிப்பு மிட்டாய், பழைய வாட்ச் ஒன்று. லேத் ஓடும் சத்தத்தில் ஐந்து வருஷம் யாரும் என்னைச் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு அது வசதியாக இருந்தது.

கணக்கு பார்க்கும் வசந்தா மேடம் மயிலாப்பூரிலிருந்து குங்குமப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். “எங்காத்துல பெரியவன் அமெரிக்கா போனான், சின்னவன் சிங்கப்பூர் போனான். எல்லாரும் உக்காந்துண்டு போனவாதான். ஓட்டிண்டு வரப்போறது நீ ஒருத்திதான்டீ. பயமா இருக்கா?” 

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லேன், கொழந்தே.”

மாலை தி. நகர், அம்மாவோடு. ஸ்வெட்டர் வாங்க. அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். இங்கே கடைத்தெருவில் நிற்பவர்கள் கழுத்தில் ஈரக் கைக்குட்டை. நாலாவது கடையில் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார்கள்.

“மே மாசம் ஸ்வெட்டர் கேட்டு வந்தவங்க நீங்கதாம்மா. ஊட்டியா?”

“ஆப்பிரிக்கா,” என்றாள் அம்மா.

“ஆப்பிரிக்கால ஏதும்மா குளிரு?”

“நீ போய்ப் பாத்துகினு வந்தியா? வெலயச் சொல்லு.”

பாதி விலையில் ஆரம்பித்து, பாதிக்கும் கொஞ்சம் மேலே முடித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இருபத்தேழு வயசு. இன்னும் தூணுக்குப் பின்னால்.

மே 13, செவ்வாய்

பெட்டி கட்டல். இருபத்து மூன்று கிலோ. எஸ்தர் அக்கா வீட்டுத் தராசு, அம்மாவின் மீன் தராசு இரண்டும் இரண்டு கணக்கு சொல்கின்றன. அம்மாவுடையதை நம்பினேன்.

கருவாடு பற்றிச் சொல்லிவிட்டேன். “ஏர்போர்ட்ல புடுங்கிப் போட்டுடுவாங்கமா.” சரி சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது சந்தேகம்.

கீழே தண்ணீர் லாரி வரிசையில் காதில் விழுந்தது: “கோவிந்தம்மா பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டப் போவுதாம்பா.” “மொதல்ல ஸ்கூட்டி ஓட்டட்டும். போன வருஷம் லைட் கம்பத்துல வுட்டுச்சே.” 

உண்மைதான். விட்டேன்.

சாயங்காலம் அப்பா வலை ஓரம் உட்கார்ந்திருந்தார். மேலே விமானம் ஒன்று கிண்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “காத்து எங்கேர்ந்து வருதோ அதான் அதுக்குப் பேரு. மேக்கேர்ந்து வந்தா கச்சான், கெழக்கேர்ந்து வந்தா கொண்டல். போற எடத்தப் பாக்காத. வர்ற எடத்தப் பாரு.” 

எதற்குச் சொன்னார் என்று கேட்கவில்லை. அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை.

மே 14, புதன்

விமான நிலையம். உள்ளே விடவில்லை, கண்ணாடிக் கதவு வரைதான். அப்பா தோளில் கை வைத்தார். அம்மா அழவில்லை. நான் உள்ளே போய் வரிசையில் நின்று பத்து பேர் தாண்டியிருப்பேன், கதவு திறந்த ஒரு நொடியில் வெளியிலிருந்து குரல்:

“தேனூ...! பாஸ்போட்டு கைல வெச்சிகினியாஆ?”

மொத்தக் கூடமும் திரும்பியது. போலீஸ்காரர் சிரித்தார். நான் தலையைக் குனிந்து பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினேன். செத்துப் போயிருக்கலாம் போல இருந்தது.

மந்தைவெளி ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு. அப்போது அம்மாவுக்கு ஸ்டேஷன் ஓர மீன் கடை கிடையாது. கூடை. லீவு நாளில் நானும் கூடப் போவேன், தராசு தூக்க. அம்மா கூவுவாள். என் வகுப்புப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். நான் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து செருப்பு வாரைக் கட்டுவேன். வாரே இல்லாத செருப்பு.

மே 19, திங்கள்

ஊர் பேரைத் தமிழில் எழுத வரவில்லை. இரண்டு விமானம் மாறி, ஒரு பஸ், ஒரு லாரி. பெரிய பள்ளி இல்லை. மலிவு, அதனால்தான் இது. புல்தரை ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, நாலு சின்ன விமானம். தூங்க ஒரு பழைய கேரவன் வண்டி. சமையல் நாமே. காற்றுத் திசை காட்ட ஒரு கம்பத்தில் துணிக்குழாய். குளிர் எலும்பில். ஸ்வெட்டரை விரித்தால் அதன் கைக்குள் ஒரு பொட்டலம். நெத்திலிக் கருவாடு. மூன்று விமான நிலையம் தாண்டி வந்திருக்கிறது, யார் கண்ணிலும் படாமல். கொண்டுவரக் கூடாத பொருள் என்று பயந்து பள்ளி ஆபீஸில் சொன்னேன். வாங்கி எரித்தார்கள். ஸ்வெட்டரில் வாசம் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

சொல்லிக் கொடுப்பவள் ஆனெக். இருபத்து நாலு வயசு, என்னைவிடச் சின்னவள். வேகமாக நடப்பாள். ழகரம் அவளுக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னாள், “நீ மணி. சரியா?” அவள் வாயில் அது மனி. பணம். ஆபீஸ்காரருக்கு ஒரே சிரிப்பு. “மிஸ் மனி, உங்களிடம்தான் பணமே இல்லையே!”

இன்று மூன்று தடவை “மனி” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் திரும்பவே இல்லை. அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றேன்.

முதல் பறப்பு. 0.8. ஆறு நிமிஷம் ஒரு புள்ளி, பத்துப் புள்ளி ஒரு மணி நேரம். அதைப் பற்றி என்ன எழுத? கீழே எல்லாம் மஞ்சள் புல். சிரித்துக்கொண்டே இருந்தேனாம், ஆனெக் சொன்னாள். எனக்குத் தெரியாது.

மே 31, சனி

மொத்தம் 9.4.

நல்லது முதலில். காற்று வகுப்பில் ஆனெக் பலகையில் அம்பு போட்டாள். மற்ற மாணவர்கள் இரண்டு பேரும் குழம்பினார்கள், இருநூற்று எழுபது டிகிரி என்றால் காற்று போகும் திசையா வரும் திசையா என்று. நான் கையைத் தூக்கினேன். நானாக! “வரும் திசை. இருநூற்று எழுபது என்றால் மேற்கு. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் கச்சான்.” ஆனெக் பலகையில் கச்சான் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். இன்னும் அழிக்கவில்லை.

இறங்குவதும் மோசமில்லை. பக்கக் காற்றில் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்து வருவது மற்றவர்களுக்குப் பயம். எனக்கு அப்பாவின் படகு கரைக்கு வருவது மாதிரி. அதுவும் நேராக வராது. சாய்ந்துதான் வரும்.

கெட்டது: ரேடியோ.

இங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. வானத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன். அவ்வளவுதான். அவ்வளவும் எனக்கு வரவில்லை. பொத்தானை அழுத்தினால் முணுமுணுப்புதான் வருகிறது. யாரோ ஒருவர் எங்கிருந்தோ, “மறுபடி சொல்லுங்கள்.” மறுபடி சொல்வேன். “மறுபடி.” கடைசியில் ஆனெக் பொத்தானை அழுத்திச் சொல்வாள்.

பொத்தானை அழுத்தும் அவள் கட்டைவிரல். வெறுக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பனி, புல் எல்லாம் வெள்ளை. 21.3.

கூடப் படிக்கும் இருவரும் பதினைந்து மணியில் தனியாகப் பறந்துவிட்டார்கள். நான் இல்லை. இன்று ஆனெக் கொட்டகை வாசலில் உட்கார வைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்க மாட்டாள்.

“உன் கை நல்ல கை. இறங்குவதில் நீதான் மூவரில் முதல். ஆனால் உன் குரல் எனக்கே கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து. வானத்தில் இருப்பவனுக்கு நீ கேட்கவில்லை என்றால் அவனுக்கு நீ இல்லை. இல்லாத ஒருத்தியை நான் தனியாக அனுப்ப முடியாது.”

எப்போது என்று கேட்டேன்.

“கேட்கும்போது.”

கணக்கு போட்டேன். தனியாகப் பறக்க வேண்டிய மணிகள் மட்டும் பதினைந்து இருக்கின்றன. நீண்ட தூரப் பயணம் இருக்கிறது. தேர்வு இருக்கிறது. 25க்குள் தனியாகப் போகாவிட்டால் 50க்குள் முடியாது. ஒரு வாரம்கூட இல்லை.

அம்மாவுக்குப் போன். அங்கே மாலை. ஸ்டேஷன் சத்தம், அம்மா கடையில் இருக்கிறாள்.

“எத்தினி... அது... ஆச்சு?”

“இருபத்தொண்ணுமா.”

“இன்னா கொரலு இது? ஜொரமா?”

அழுதுவிட்டேன். எல்லாம் சொன்னேன். ரேடியோ, பொத்தான், மறுபடி சொல்லுங்கள். அம்மா நடுவில் யாருக்கோ சங்கரா மீன் எடை போட்டாள், சில்லறை கொடுத்தாள். பிறகு:

“இவ்ளோதானா? இன்னா சொல்லணும் அதுல?”

“நான் யாரு, எங்க கீறேன், இன்னா செய்யப் போறேன்.”

“அதத்தான்டி நான் இருவது வருசமா தெருவுல சொல்லிகினு கீறேன்! மீனு, கோவிந்தம்மா வந்துட்டேன், கோயில் முனைல கீறேன், வஞ்சிரம் தர்றேன். வேற இன்னா?” 

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“தொண்டையால கத்தாத, பத்து நாள்ல பூடும். அடிவயித்துலேர்ந்து எட்த்து வுடு. மூணாவது மாடில பாத்திரம் கழுவிகினு கீறவளுக்குக் கேக்கணும். அவ கொழாய மூடணும். கடைசி எழுத்த இழு. கெஞ்சாத. கெஞ்சுனா எவளும் எட்டிப் பாக்க மாட்டா.” 

மறுபடி தராசுச் சத்தம், அதன் நடுவே, “நீ கூடைக்குப் பின்னாடி குந்திகினு இருந்தியே, அப்ப காதையுமா மூடிகினு இருந்த?”

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருஷமும்.

ஜூன் 13, வெள்ளி

விடிந்ததும் ஓடுபாதையின் கடைசி வரை நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது, பூனைக் குரல். மூன்றாவது தடவை வயிற்றில் கை வைத்து அழுத்திக்கொண்டு:

“மீனேய்...! வஞ்சிரம், சங்கரா, நெத்திலீஈ...!”

மாடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின. ஒன்று நடந்து என்னிடமே வந்தது.

அரை மணி நேரம் கூவினேன். மந்தைவெளியின் எல்லாத் தெருவுக்கும். எட்டாம் வகுப்பு மாடிக்கும். திரும்பினால் கொட்டகை வாசலில் ஆனெக், கையில் காப்பி, வாய் திறந்து நிற்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“அது என்ன?”

“மீன் விற்பது.”

“அதைத்தான் எனக்கு விற்கவேண்டும், பத்து மணிக்கு, வானத்தில்.”

இன்று 1.1. ஆனெக் கட்டைவிரல் அவள் மடியிலேயே கிடந்தது.

ஜூன் 17, செவ்வாய்

உடம்பெல்லாம் நனைந்து, கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை. காற்று மேற்கு, மெல்லிசு. கச்சான். மூன்று சுற்று சேர்ந்து பறந்தோம். மூன்றாவது இறங்கியதும் ஆனெக் “நிறுத்து” என்றாள். கதவைத் திறந்தாள். இறங்கி, தன் பெல்ட்டை மடித்துச் சீட்டில் கட்டினாள். “ஒரு சுற்று. மீன் வித்துவிட்டு வா.” கதவைச் சாத்தி, தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பக்கத்து சீட் காலி. அதையே பார்த்தேன். பிறகு பொத்தானை அழுத்தி, நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன்.

ஒரு ஆள் எடை குறைந்தால் அது வேறு விமானம். கேட்பதற்கு முன்னே ஏறிவிட்டது. மேலே ஒரு சத்தம், யாரோ பாடுகிறார்கள். நான்தான்.

ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பி வரும்போது ரேடியோவில் வேறு குரல். வெளியூர் விமானம். நேராக இறங்க வருகிறேன் என்கிறார். நான் திரும்பி இறங்கப் போகும் அதே பாதைக்கு, அதே நேரத்துக்கு. என் இடத்தைச் சொன்னேன். பதில் இல்லை. தேடினேன். தெரிந்தது, தூரத்தில் பளிச்சென்று, நெருங்கிக்கொண்டு.

அப்போது பயம் வரவில்லை. கோபம் வந்தது. கோயில் முனையில் வேறு யாராவது கூடையை இறக்கினால் அம்மாவுக்கு வருமே, அது. வயிற்றிலிருந்து எடுத்து விட்டேன். நான் யார். எங்கே இருக்கிறேன். இறங்கப் போகிறேன். கடைசி எழுத்தை இழுத்தேன்.

ஒரு நொடி. இரண்டு.

“கேட்டது, மேடம். ரொம்ப நன்றாகக் கேட்டது. நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் முதலில்.” 

அந்தப் பளிச் ஒரு பக்கம் சாய்ந்து விலகிப் போனது. எனக்காக. ஒரு முழு விமானம்.

இறங்கினேன். ஒரு குதி, சின்னது. ஆனெக் அதைக் குதி என்று கணக்கில் எடுக்கவில்லை. இறங்கி நின்றதும் ஆனெக்கும் மற்ற இரண்டு மாணவர்களும் ஓடிவந்து ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். இங்கே அதுதான் வழக்கமாம். வெளியூர்க்காரரும் பின்னாலேயே இறங்கி வந்து கை கொடுத்தார். “யார் அந்தக் குரல்? காதுக் கருவியைக் கழற்றிவிடலாமா என்று பார்த்தேன்.”

பறப்புக் குறிப்பேடு. விமானப் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் இதுவரை ஆனெக் பேர். இன்று ஆனெக் எழுதினாள்: மணி. 0.2. மொத்தம் 24.6.

மணி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். அவர் பேர் முதல் முதலாக ஒரு பொறுப்பாளர் கட்டத்தில்.

போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். சொன்னேன். பின்னால் அலைச் சத்தம். பிறகு, “காத்து?”

“கச்சான்ப்பா.”

“ம். நல்ல காத்து.”

ஜூலை 15, செவ்வாய்

38.9. தனியாக மூன்று ஊர் சுற்றி வரும் பயணம் முடிந்தது. ரொட்டி, வாழைப்பழம், வரைபடம். இரண்டாவது ஊரில் பெட்ரோல் போட்டவர், “மனி எங்கே, கையெழுத்துப் போட வேண்டும்” என்றார். முதல் கூப்பாட்டிலேயே திரும்பினேன். இப்போதெல்லாம் அப்படித்தான். தேன்மொழி என்று யாராவது கூப்பிட்டால்தான் யோசிப்பேன் போல.

சாதம் தீய்ந்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பாஸ். பாஸ். பாஸ்.

தேர்வாளர் உயரமான, சிரிக்காத மனிதர். நடுவானில் இஞ்சினைக் குறைத்து “இப்போது இஞ்சின் இல்லை, என்ன செய்வாய்” என்றார். வயல் தேடினேன், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன், அவசர அழைப்பைச் சொல்லிக் காட்டினேன். சொல்லி முடித்ததும் காதைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் சிரித்தார்.

இன்றைய 1.7 சேர்த்து 49.8.

மிச்சம் 0.2. பன்னிரண்டு நிமிஷம். ஆபீஸ்காரர், “மிஸ் மனி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?” 

சாயங்காலம் எடுத்துப் போனேன். பாடம் இல்லை, தேர்வு இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு சுற்று. புல் எல்லாம் பொன்னாக. மாடுகள் அண்ணாந்து பார்த்தன. சும்மா பறந்தேன். என் வாழ்க்கையில் சும்மா செய்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

50.0.

தற்காலிக லைசென்ஸ் படத்தை எஸ்தர் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பதில், குரல் செய்தி, பின்னால் ஊரே: “ஏ கோவிந்தம்மா, இங்க பாரு, போட்டோ போட்டு, கீழ பேரு... நீயே படி! ஓ, நீ படிக்க மாட்டியே! வாய்ல வராதே!” பலத்த சிரிப்பு. அம்மா ஏதோ திட்டுவது கேட்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்னை. கதவு திறந்ததும் அந்த வெக்கை. மூஞ்சியில் ஈரத் துணி போட்ட மாதிரி. ஸ்வெட்டர் இடுப்பில்.

இறங்கும்போது ஜன்னல் சீட். கடல், கரை, வரிசையாகப் படகுகள், அடையாறு ஆறு கடலில் சேரும் இடம். எங்கள் பிளாக்கைத் தேடினேன். மொட்டை மாடியில் யாருடையதோ துணி. கிண்டி தாண்டும்போது காற்றைப் பார்த்தேன். ஓட்டியவர் சரியாகத்தான் இறக்கினார். மனசுக்குள் ஒரு சின்னக் குறை சொன்னேன். சொல்லலாம், இப்போது.

வெளியே கூட்டம். கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரிய குடும்பம், மாலையோடு, எனக்கு முன்னால். பின்னால் தள்ளுவண்டிகள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நூறு தலை, எல்லோரும் யாரையோ கூப்பிடுகிறார்கள். அம்மா மூன்று தடவை “தேனு” என்று கத்தினாளாம். எஸ்தர் அக்கா சத்தியம் செய்கிறாள். என் காதில் விழவில்லை. தப்பான வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது. அடிவயிற்றிலிருந்து. மூன்றாவது மாடிக் குழாயை மூட வைக்கிற குரல். கடைசி எழுத்து இழுத்து.

“மணீஈ...!”

திரும்பினேன். தள்ளுவண்டியோடு இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். பெயர்ப் பலகை பிடித்திருந்த ஒரு டிரைவர் திரும்பினார். கல்யாண வீட்டு மாப்பிள்ளையும் திரும்பினார்.

அம்மா தடுப்புக் கம்பியில் பாதி ஏறி நிற்கிறாள். எஸ்தர் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அப்பா, சலவைச் சட்டை, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அம்மா வாயில் தன் பேரைக் கேட்ட முகம்.

“இன்னாடி?” என்றார் அம்மாவிடம்.

அம்மா என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உன்ன யாருய்யா கூப்ட்டது? நான் பைலட்டக் கூப்ட்டேன்.”